மாப்பிள்ளை அனுப்பிய ஸ்கோப்பும் என் பலூன் கடையும்

செஞ்சி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை ஆதவன் அவர்களுக்கு மாமனார் தேவேந்திரன் வணக்கம் சொல்லி எழுதுவது. நீங்களும் எங்கள் மகள் நிலாவும் சுகமாக இருக்க அங்காளம்மன் துணை நிற்கட்டும். இங்கே நான் நலம், உங்கள் அத்தை மீனம்பாள் நலம். பலூன்கள்தான் நலமில்லை, அதுதான் இப்போது சங்கடம். போனில் சொன்னால் உங்கள் அத்தை நடுவில் புகுந்து பாதியைத் தானே சொல்லிவிடுவாள், அதனால் கடிதம்.

கல்யாணம் முடிந்து மேல்மலையனூர் அமாவாசைக்கு வந்தபோது நம் பலூன் சுடுகிற கடையில் நீங்கள் சுட்டு ஒரு பலூனும் வெடிக்காமல், நிலா சிரித்து, உங்கள் முகம் சுண்டிப்போனது எனக்குத் தெரியும். சென்னைக்குப் போனதும் துப்பாக்கிமேல் மாட்டிக் குறிபார்க்கிற ஸ்கோப் வாங்கி அனுப்பினீர்களே, இந்த வீட்டுக்கு நீங்கள் கொடுத்த முதல் பரிசு அது, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நீங்கள் சொன்னபடியே வீட்டுக்குப் பின்னால் வேர்க்கடலை மூட்டைமேல் துப்பாக்கியைக் கிடத்தி, எதிரே அட்டையில் ஒரு பொட்டு வைத்து, குண்டு இடப்பக்கம் போனால் ஸ்கோப்பின் திருகை வலப்பக்கம் திருப்புவது என்று ஆரம்பித்தேன். மேல்கீழுக்கு ஒரு திருகு, பக்கவாட்டுக்கு ஒரு திருகு என்று நீங்கள் படித்துப் படித்துச் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. முதல் குண்டு அட்டையைத் தாண்டி எங்கள் தண்ணீர் டிரம்மில் இறங்கியது. அதை அடைத்துவிட்டு வந்து இன்னும் கொஞ்சம் திருப்பினால், பக்கத்து வீட்டுத் தங்கராஜ் கொடியில் காயப்போட்ட வேட்டி. அவர் ஓட்டையில் விரலை விட்டுக் காட்டி, "இன்னா தேவேந்திரா, இத பலூன்னு நெனச்சிட்டியா?" என்றார். அப்புறம் அவரையே பக்கத்தில் உட்காரவைத்துத் திருகைத் திருப்பச் சொல்லி, ஒருவழியாகக் குண்டு பொட்டிலேயே போய் விழுந்தது. நானும் அவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

நம் துப்பாக்கி வாங்கின நாளிலிருந்தே இடப்பக்கம் இழுக்கும். பலூனைப் பார்த்துச் சுட்டால் பக்கத்து இடைவெளியில் போய்க் குத்தும். அதனால் வருகிற பிள்ளைகள் காதில், "பலூனப் பாக்காத கண்ணு, அதுக்கு வலப்பக்கம் காலி எடத்தப் பாத்து அடி" என்று சொல்வது என் பழக்கம். பட்டென்று வெடித்ததும் அதுங்க திரும்பி என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிக்கும் பாருங்கள், அதற்காகத்தான் நான் கடையே போடுகிறேன். இந்த அமாவாசைக்குத் துப்பாக்கி நேராகிவிட்டது, என் வாய் மட்டும் பழையபடியே சொல்லிக்கொண்டிருந்தது. வந்தவர்களும் என் பேச்சைக் கேட்டுக் காலி இடத்தைச் சுட, அத்தனை குண்டும் காலி இடத்திலேயே விழுந்தது. அவலூர்பேட்டைக்காரர் ஒருவர், "கண்ணாடி வெச்சும் ஒண்ணும் படல, இன்னாய்யா ஏமாத்து வேல?" என்று சட்டைக் கையை மடித்தார். நான் உங்கள் ஸ்கோப்பை விட்டுக்கொடுக்காமல் காற்றுமேல் பழியைப் போட்டேன். உங்கள் அத்தைதான் கண்டுபிடித்தாள். "யோவ், துப்பாக்கி நேராயிடுச்சி. உன் வாய்தான் இன்னும் கோணலா இருக்குது."

வாயை மூடிக்கொண்டேன். அதற்கப்புறம் எல்லாரும் அடித்தார்கள், அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒரு பிள்ளைகூட என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது மாப்பிள்ளை. ஸ்கோப் அப்படியே துப்பாக்கிமேல் இருக்கட்டும், தினமும் துடைத்து வைக்கிறேன். திருகை மட்டும் பழைய கோணலுக்குத் திருப்பிக்கொள்ளலாமா? உங்களுக்கு மனவருத்தம் என்றால் வேண்டாம். வருகிற அமாவாசைக்கு உங்கள் அப்பா அம்மாவோடு வருவதாக நிலா சொன்னாள். உங்கள் பதில் கிடைக்கும்வரை அந்தத் திருகைத் தொடமாட்டேன்.

சம்பந்தி வீட்டார் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும். நீங்கள் இருவரும் சண்டை போட்டாலும் சேர்ந்தே சாப்பிட வேண்டும் என்பது எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா,
தேவேந்திரன்

பின்குறிப்பு: தொடமாட்டேன்னு எழுதினது பொய். நேத்தே திருப்பிட்டேன். அதனால அமாவாசைக்கு நீங்க சுடும்போது பலூனப் பாக்காதீங்க, அதுக்கு வலப்பக்கம் காலி எடத்தப் பாத்து அடிங்க. போன தடவையே காதுல சொல்லியிருப்பேன், புது மாப்பிள்ளையாச்சேன்னு கூச்சமாயிடுச்சி. வெடிச்சதும் என் பக்கம் திரும்பாதீங்க, உங்க வீட்டார் முன்னாடி மாட்டிக்குவோம். இருந்தாலும், லேசா திரும்புங்க.