காதைக் கடித்த மாமாவின் ஜீன்

பாறசாலையில் ரோட்டில் துப்பினால் திட்டு விழும். ஆச்சாரியன் அகிலேஷின் சன்னிதியில் துப்பினால் டோக்கன் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும். நெய்யாற்றின்கரையிலிருந்தும் காட்டாக்கடையிலிருந்தும் பஸ் பிடித்து வந்த ஜனம், ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் முன்னால் வரிசை கட்டி நின்றது. கையில் தேங்காய் இல்லை, பூ இல்லை. வாய் நிறைய எச்சில் மட்டும். பல் தேய்க்காமல் வர வேண்டும் என்பது விதி. அந்த வரிசையின் வாடையை விவரிக்க வேண்டாம்.

ஆச்சாரியன் ஜாதகம் பார்ப்பதில்லை. அதெல்லாம் மூடநம்பிக்கையாம். அவர் பார்ப்பது ஜீன். வெள்ளைக் கோட்டு, நெற்றியில் சந்தனம், மேடையில் நீல விளக்கு எரியும் ஒரு பெட்டி. எச்சில் குப்பி பெட்டிக்குள் போகும். பெட்டி உறுமும். ஏழு தலைமுறை மைக்கில் வெளியே வரும். புருஷன் அடிக்கிறானா? கொள்ளுத்தாத்தாவின் கோப ஜீன். மகன் வேலைக்குப் போகவில்லையா? சோம்பல் ஜீன், அதுவும் தாய்வழி. அடிக்கிற புருஷன்மார்களுக்குத்தான் ஆச்சாரியன் மேல் முதலில் பக்தி வந்தது. கொள்ளுத்தாத்தா எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை அல்லவா?

சஜன் வரிசையில் நின்றது பக்தியால் அல்ல, மறுக்கத் தெம்பில்லாததால். மனைவி ஷிஜா எலிக்காய்ச்சலில் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அதன்பிறகு யார் எங்கே கூப்பிட்டாலும் போனான். விலங்கியல் படித்தவன், ரப்பர் பண்ணையில் நல்ல மரத்தின் மொட்டை நாற்றுகளில் ஒட்டுக்கட்டிக்கொண்டிருந்தான். நாற்றுகள் கேள்வி கேட்பதில்லை.

கூட்டி வந்தது மாமியார் புஷ்பபாய். காரணம், நான்கு வயது மகள் ஆன்ஸி. பிள்ளை கடிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரியை, பால்காரரை, சர்ச்சைக் கவனித்துக்கொள்ளும் கோயில்குட்டியாரின் மனைவியை. கடி என்றால் பல் பதிகிற கடி.

மண்டபத்துக்குள் எல்லோருக்கும் இலவசமாகப் பால் விடாத கட்டன் சாயா. கொண்டுவந்தவள் பெயர் ஸ்வப்னா. சிரித்த முகம்.

"மோள் எவிடெயா?" என்று புஷ்பபாய் ஊர் கேட்டாள்.

"காசர்கோடாணு அம்மச்சீ. தமிழ் ஒட்டும் அறியில்லா."

கேரளத்தின் வடகோடிக்காரி, தமிழ் துளியும் தெரியாதவள். புஷ்பபாய்க்கு நிம்மதி. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எல்லையோரத்துக்காரர்களின் வசதி இது. ரகசியம் பேச வேண்டுமென்றால், எதிரே நிற்பவருக்குத் தெரியாத மொழிக்கு மாறிவிடுவார்கள். குரலைத் தாழ்த்துவது கூட இல்லை.

"மக்கா, இது எனக்க ஆங்ஙள, ஷிஜாவுக்க மாமன் அருமநாயகத்துக்க ரத்தமாக்கும். வேலி எல்லையில நின்ன பிலாவுல சக்கப்பழம் பறிச்சதுக்கு ஒருத்தனுக்க காதக் கடிச்சுத் துப்புனான். ஷிஜாட்ட கூட நான் சொல்லேல."

ஸ்வப்னா சாயா டம்ளர்களை எடுத்துக்கொண்டு, எச்சில் குப்பிகளோடு திரைக்குப் பின்னால் போனாள்.

சற்று நேரத்தில் பெட்டி உறுமியது. ஆச்சாரியன் கண்ணை மூடினார்.

"தாய்வழி. ஒரு ஆணு. ரத்தம். ஒரு... ஒரு காது காணுது."

புஷ்பபாய் நாற்காலியிலிருந்து சரிந்தாள். கூட்டம் கைதட்டியது.

"மனுஷனாகுறதுக்கு முன்ன உள்ள குரங்கு ஜீன் இந்தக் குடும்பத்துல இன்னும் உறங்கேல. அடுத்த ஞாயிறு பிள்ளைய நம்ம முகாமுல விடணும். ஒரு மண்டலம். குடும்பத்துல உள்ளவங்க முகம் காணப்படாது. கண்டா ஜீன் விழிச்சுக்கும்."

மனிதனும் குரங்கும் தூரத்துச் சொந்தம் என்று மருமகன் ஒருமுறை சொன்னதற்கு ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் புஷ்பபாய். குரங்கு தன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று ஆச்சாரியன் சொன்னதும் தலையாட்டினாள்.

அன்று பஸ்ஸில் ஆன்ஸி சஜனின் மடியில் தூங்கினாள். முகத்தைப் பார்க்காமல் ஒரு மண்டலம். வெகுநாளைக்குப் பிறகு சஜனுக்கு ஏதோ வலித்தது. வலித்ததால் யோசித்தான்.

மாமாவின் காதுக் கடி தெரிந்த ஜீனுக்கு, சஜனின் அப்பாவுக்கு இரண்டு குடும்பம் இருந்தது தெரியவில்லை. 'தந்தைவழி சுத்தம்' என்றிருந்தார் ஆச்சாரியன். அந்த இரண்டாம் குடும்பத்தைக் காட்டாக்கடை பஸ் ஸ்டாண்டுக்கே தெரியும். சாயா குடிக்கும்போது மாமி பேசியது மட்டும்தான் பெட்டிக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு. துணிப்பையில் ஆன்ஸியின் உடுப்புகள். பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு புஷ்பபாய். மண்டபத்து வாசலில் சஜன் தன் ஊர்க்காரரான கிருஷ்ணன்குட்டியைப் பிடித்தான். ஆச்சாரியனின் படத்தைப் பர்ஸில் வைத்திருக்கும் அளவுக்குப் பக்தர்.

"அண்ணே, இங்க வாங்க. நான் செய்யுதத மட்டும் பாருங்க."

குழாயைத் திறந்தான். குப்பியில் தண்ணீர் பிடித்து மூடினான்.

"என்னடே இது? எச்சில் எங்க?"

"இதுதான் இன்னைக்கு என் எச்சில். எனக்க தாத்தாவ உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியாம? பனையேறி. பாவம், நெய்யாறு தாண்டிப் போனதில்ல."

"அது போதும். கொஞ்ச நேரம் சும்மா இருங்க."

சாயா வந்தது. ஸ்வப்னா பக்கத்தில் நிற்கும்போதே சஜன் தமிழில் சொன்னான்: "மாமி, ஒரு காரியம் மறைச்சுட்டேன். எனக்க தாத்தா பம்பாய் சர்க்கஸ்ல புலிய அடக்குனவரு. ஒரு நாள் கோவத்துல புலியத் திருப்பிக் கடிச்சுட்டாரு."

புஷ்பபாயின் சாயா மடியில் கொட்டியது. "எக்க மாதாவே! ரெண்டு பக்கமும் கடியா?"

குப்பி திரைக்குப் பின்னால் போனது. பெட்டி உறுமியது. ஆச்சாரியன் நடுங்கினார்.

"தந்தைவழி! இதுவரை மறைஞ்சு கிடந்தது! ஒரு கூடாரம்... ஒரு மிருகம்... வரிவரியா... புலி!"

கூட்டம் எழுந்து நின்றது. சஜன் மைக்கிடம் போனான்.

"அந்தக் குப்பியில இருக்கது வாசல்ல உள்ள பைப்புத் தண்ணி. குழாய்த் தண்ணிக்குத் தாத்தா உண்டா ஆச்சாரியரே?"

கிருஷ்ணன்குட்டி தயங்கினார். பர்ஸைத் தொட்டார். பிறகு சொன்னார்: "உள்ளதாக்கும். நான் கண்டேன். இவனுக்க தாத்தா புலிய இல்ல, பூனையக் கண்டாலே ஓடுவாரு."

சிரிப்பு எழுந்தது. ஆச்சாரியன் அசரவில்லை.

"பொய்யோ நெசமோ, இவன் மனசுல நினைச்சது எனக்கு எப்பிடித் தெரிஞ்சு? சொல்லட்டே!"

"சாயா தந்த அக்கா கேட்டுச் சொன்னாங்க."

"அவளுக்குத் தமிழே அறியாது. காசர்கோடுகாரியாக்கும்!"

கூட்டம் மறுபடி தலையாட்டியது. ஆமாம், பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு நிமிடத்துக்கு முன்னால் சிரித்த அதே தலைகள்தான்.

சூழ்நிலையைத் தணிக்க ஸ்வப்னா முன்வந்தாள். ஆன்ஸியிடம் குனிந்தாள். கன்னத்தைக் கிள்ளி, அம்மா எங்கே போனாள் என்று கேட்டாள்.

"மோள்டெ அம்ம எவிடெ போயி?"

ஆன்ஸி கையைப் பிடித்துக் கடித்தாள்.

"எலே! விடுட்டீ சவமே! எக்க கையி போச்சே! யாராவது வந்து இந்தப் பிள்ளையப் பிடிங்களேன்!"

கூட்டம் ஸ்வப்னாவின் பக்கம் திரும்பியது. காசர்கோட்டில் இப்படி ஒரு தமிழ் பேசுகிறார்கள் என்று யாரும் கேள்விப்பட்டதில்லை.

"நம்ம களியக்காவிளப் பக்கத்துத் தமிழாக்குமே இது," என்றாள் ஒருத்தி.

அதற்குள் ஆச்சாரியன் பின்வாசலை அடைந்திருந்தார். ஓடும் ஜீன் எந்த வழியில் வந்ததோ! அடிபட்ட மனைவிமார்கள் சிலர் தங்கள் புருஷன்மார்களைத் திரும்பிப் பார்த்தார்கள். கொள்ளுத்தாத்தா இல்லாத இடத்தில் அந்தப் புருஷன்மார்கள் தனியாக நின்றார்கள்.

வெளியே வந்ததும் கிருஷ்ணன்குட்டி சஜனின் தோளைத் தட்டினார். "இவன் கள்ளன். நான் அப்பமே நினைச்சேன். காட்டாக்கடையில ஒருத்தர் உண்டு, நகத்த வெட்டி வச்சுப் பாப்பாராம். அது சயன்ஸாக்கும்."

பஸ்ஸில் புஷ்பபாய் கேட்டாள். "அப்பம் பிள்ளை ஏன் மக்கா கடிக்குது?"

"கோவம் கொஞ்சம் ரத்தத்துல வரும் மாமி. ஆனா பண்ணையில ஒரே மரத்து மொட்டைத்தான் எல்லாத்துலயும் ஒட்டுதேன். நிழல்ல நட்டது வெயிலத் தேடி வளையும். அதுக்குத் தாத்தாவக் குத்தம் சொல்ல முடியுமா?"

எதிர் சீட்டிலிருந்த ஒரு பெண் ஆன்ஸியைப் பார்த்துச் சிரித்தாள். கை நீட்டினாள். "அழகு பிள்ளை. அம்மை எங்க மக்கா?"

ஆன்ஸியின் வாய் திறந்தது.

கடிபட்டவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்டவர்கள். சஜனுக்கு அது ஆரம்பத்திலேயே தெரியும். பதில் சொல்ல வேண்டியவன் அவன்தான். ஒரு வருடமாகச் சொல்லவில்லை.

"செத்துப்போனா," என்றான். "காய்ச்சல் வந்து செத்துப்போனா. இனி வரமாட்டா."

ஆன்ஸி அவனை நிமிர்ந்து பார்த்தாள். வாயை மூடினாள். பிறகு அவன் சட்டையில் முகத்தைப் புதைத்து, முதல் தடவையாக, எல்லாப் பிள்ளைகளையும் போல அழுதாள்.

பஸ் காட்டாக்கடையில் நின்றது. நகம் பார்ப்பவரின் வாசலில் அதற்குள் வரிசை. மனிதனுக்கு இந்த மூளை வாய்க்க லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆயின. அதைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போக ஒரு டம்ளர் கட்டன் சாயா போதுமாக இருக்கிறது.