மாப்பிள்ளையின் விலாங்கும் ஆறு மீன்களும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கப்பலில் நீங்கள் நலமாக இருக்க வேண்டும். எந்திரங்களும் நீங்களும் ஒருவரையொருவர் படுத்தாமல் இருக்க வேண்டும். இங்கே உங்கள் அத்தையும் நானும் நலம். உங்கள் மனைவி எழுந்து உட்காருகிறாள், சாப்பிடுகிறாள். உங்கள் விலாங்கு எங்கள் எல்லோரையும்விட நலம். அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. வலது கையில் கட்டு இருப்பதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

"விலாங்கு இருக்கிற தொட்டியில சின்ன மீன் விடாதீங்க மாமா" என்று கிளம்பும்போது நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. முப்பத்தோரு வருடம் லிப்ட் பழுது பார்த்தவன். எச்சரிக்கைப் பலகையைப் படிக்காதவர்களைத் திட்டியே தலை நரைத்தவன். ஆனால் குழந்தை பிறந்த அன்றே போய்விட்ட பிறகு அவள் ஒன்றரை மாதம் சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தாள். ஒரு நாள் தண்ணீர் குடிக்க எழுந்தவள் தொட்டி முன்னால் நின்று, "பாவம்ப்பா, இது தனியா இருக்கு" என்றாள். அவள் வாயிலிருந்து முழுசாக ஒரு பேச்சு வந்து எத்தனை நாளாயிற்று. சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் ஓடினேன். மீன் தொட்டிக் கடைக்காரர், "கூட வேற என்ன மீன் இருக்கு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று புளுகிவிட்டு, ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ஆறு குட்டி மீன்களை வாங்கி வந்து விட்டேன்.

மறுநாள் காலை பார்த்தால் ஐந்து. விலாங்கு பாறை இடுக்கிலிருந்து தலையை நீட்டி, பொய்ச்சாட்சி சொல்ல வந்தவன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அது மூச்சு விடுகிறதாம். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று சும்மாவா சொன்னார்கள். இது எங்களுக்கு முகத்தையும் மீனுக்கு வயிற்றையும் காட்டிவிட்டது. அவள் எழுவதற்குள் ஓடிப்போய் இன்னொன்று வாங்கி விட்டேன். அவள் வந்து விரலால் எண்ணி, "ஆறும் இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு நாலு வாய் சாப்பிட்டாள். அன்றிலிருந்து இதுவே எனக்கு உத்தியோகமாகிவிட்டது. குளியலறை வாளியில் காற்றுக் குழாய் போட்டு, கையிருப்பாக நாலு மீன் வைத்துக்கொண்டேன். உங்கள் அத்தை துணி ஊறவைக்கப் போய் அதைப் பார்த்துவிட்டாள். விஷயத்தைச் சொல்லும்படி ஆயிற்று.

"இப்படியே எத்தனை நாளைக்கு?" என்றாள்.

"பிள்ளை எழுந்து உட்காருற வரைக்கும்."

"உட்கார்ந்துட்டாளே. இனிமே?"

நான் வாளியிலிருந்த காற்றுக் குழாயை நேராக்கி வைத்தேன்.

வயிறு நிறைந்தால் வேட்டையாடாது என்று கணக்குப் போட்டு, செவ்வாய்க்கிழமை காலை ஒரு கணவாய் மீன் துண்டை இடுக்கியில் பிடித்து உள்ளே நீட்டினேன். இடுக்கி நழுவியது. கையால் கொடுத்தேன். அதற்குக் கண் மந்தம், மோப்பம்தான் எல்லாம். கணவாய்க்கும் கட்டைவிரலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பல்லெல்லாம் உள்பக்கம் சாய்ந்திருக்கிறது, இழுத்தால் சதை கிழியும். பக்கத்து அறையில் அவள் தூங்குகிறாள். முழங்கை வரை தொட்டிக்குள் விட்டபடி, சத்தம் போடாமல், அதுவாக விடும்வரை நின்றேன். லிப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் "பதறாம நில்லுங்க, தானா திறக்கும்" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன். ஒன்பது தையல். என்ன கடித்தது என்று நர்ஸ் கேட்டாள். "மாப்பிள்ளையோட விலாங்கு" என்றேன். சீட்டில் "மாப்பிள்ளை" என்று மட்டும் எழுதிவிட்டாள். மருந்துக்கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, "போலீசுல சொல்லிட்டீங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

வலியில் இரண்டு நாள் கடைக்குப் போக முடியவில்லை, வாளியும் காலி. அவள் வந்து எண்ணினாள். "ஆறும் இருக்குப்பா." நான் எண்ணிப் பார்த்தேன், நாலுதான். அவளுக்குக் கண்ணில் கோளாறா, மனசிலா என்று தெரியவில்லை. டாக்டரிடம் காட்டலாமா?

பென்சில் கனத்திலிருந்து நீங்கள் வளர்த்த ஜீவன், கேட்கவே சங்கடமாக இருக்கிறது. மீன் தொட்டிக் கடைக்காரரிடம் தனித் தொட்டி இருக்கிறதாம், ஒப்படைத்துவிடட்டுமா? மீன்கள் செத்தது அவளுக்குத் தெரியவே கூடாது. குழந்தையை எங்கே அடக்கம் செய்தேன் என்பதை நாம் பேசி வைத்தபடி அவளிடம் சொல்லாமல் இருக்கிறோமே, அதைப்போல இதையும் பார்த்துக்கொள்வோம்.

கடல் உங்களைச் சேதமில்லாமல் கரை சேர்க்கட்டும். வேளைக்குச் சாப்பிடுங்கள். அத்தை மிகவும் விசாரித்தாள்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும்
மாமா

பி.கு.: நான் உறை எடுக்கப் போன நேரத்தில் அவள் இதைப் படித்துவிட்டாள். இரண்டாம் நாளே தெரியுமாம், புது மீனுக்குப் பட்டை வேறு மாதிரி இருந்ததாம். "அப்புறம் ஏம்மா ஆறுன்னு சொன்னே?" என்றேன். "இல்லேன்னு சொன்னா நீங்க என்னப்பா செய்வீங்க?" என்றாள். கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "பாப்பாவை எங்க வச்சீங்க?" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன். இடுகாட்டு மேற்கு மதில் ஓரம், கடைசி வரிசை, குழாயடிக்குப் பக்கத்தில். "தண்ணி தேங்குமா?" என்றாள். தேங்காது என்றேன். எனக்கு நிச்சயமாகத் தெரியாது. நாளைக் காலை மூன்று பேரும் போய்ப் பார்க்கப் போகிறோம். மேலே எழுதிய எதற்கும் பதில் வேண்டாம். கப்பலிலிருந்து எப்போது இறங்க முடியும் என்று மட்டும் எழுதுங்கள். அவள் கேட்கிறாள்.