கட்டிலுக்கு அடியில் ஒரு ஜப்பான் வாள்

லென்ஸ் காக்கா என் கழுத்தை அறுக்கப் போகிறார் என்று ஒன்பது நாள் நம்பினேன். முப்பத்தாறு வயது, முறுக்கு மீசை, கையில் லாரி லைசென்ஸ். எல்லாம் இருந்தும் நம்பினேன்.

எதையுமே நம்பாத மனிதர் உலகத்தில் ஒருவர்தான் பிறந்தார், அவரும் எனக்கு ரூம்மேட்டாகத் துபாய் அல் கூஸுக்கு வந்து சேர்ந்தார். சூரியன் உதித்தால்கூட அசல்தானா என்று பார்த்துவிட்டுத்தான் காக்கா பல் துலக்குவார். ஊரைக் காலி செய்துகொண்டு போகிற வெளிநாட்டுக்காரர்களின் வீட்டுச் சாமான்களை மொத்தமாக வாங்கும் குடோன் எங்கள் முதலாளி அர்பாபுடையது. அதில் எது அசல், எது போலி என்று பிரிப்பது காக்காவின் வேலை. ஏற்றி இறக்கி ஓட்டுவது என் வேலை. காக்கா காயல்பட்டினத்துக்காரர், அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்; கழுத்தில் எப்போதும் கயிற்றில் கோத்த லென்ஸ் தொங்கும். மீன் வாங்கி வந்தால் செவுளுக்குள் லென்ஸ். ரூமில் ஒருத்தன் நிச்சயம் பண்ணிய பெண்ணின் போட்டோவை ஆசையாக நீட்டினான். காக்கா ஒரு நிமிஷம் பார்த்தார்.

"பொண்ணு நல்லா ஈக்குது தம்பி. மூக்குத்திதான் கவரிங்."

அவன் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

மெட்ரோவுக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்த காலம் அது. திடீரென்று காக்கா தன் கட்டிலைச் சுற்றி பெட்ஷீட்டைத் திரையாகக் கட்டினார். உள்ளேயிருந்து கிராம்பு எண்ணெய் வாசனை வந்தது. பல்வலியா என்று கேட்டேன். "பல்லெல்லாம் கல்லு மாதிரி ஈக்குது" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்கு என்ன வயசு தம்பி?"

"முப்பத்தாறு."

"வெளியே பாத்தா ஒண்ணும் தெரியாது. பிரிச்சு உள்ளே பாத்தாத்தான் தெரியும்."

அன்றிலிருந்து நான் சுவரோடு முதுகை ஒட்டிப் படுத்தேன். இரண்டு நாள் கழித்து, திரைக்குப் பக்கத்தில் நின்று சாதாரணமாக ஏதோ கேட்டேன். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "வாயைத் திறக்காதே. திறந்தா எல்லாம் கெட்டுப்போவும்." நான் வாயை மூடிக்கொண்டு நேராகக் கழிவறைக்குப் போனேன்.

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. கூட்டிப் பெருக்குவது அன்று என் டியூட்டி. காக்காவும் மற்றவர்களும் ஜும்மாவுக்குப் போயிருந்தார்கள். காக்காவின் கட்டிலுக்கு அடியில் விளக்குமாறு நீளமான எதிலோ இடித்தது. சுற்றியிருந்த துண்டைப் பிரித்தேன். வாள்! பிடியைக் கழற்றி பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். பிடிக்குள் இருக்கவேண்டிய பகுதி கறுப்பாக, வெறுமையாகக் கிடந்தது. நான் அதைத்தான் இறுக்கிப் பிடித்திருந்தேன். கையெல்லாம் பழுப்புக் கறை.

ரத்தம்! யாரையோ ஏற்கெனவே முடித்துவிட்டார். அடுத்த யோசனை இன்னும் மோசமாக வந்தது: இப்போது அதில் இருப்பது என் கைரேகை. போலீஸ், ஜெயில், விசா கேன்சல்.

சமையலறைக்கு ஓடினேன். ரசத்துக்கு ஊறவைத்த புளி இருந்தது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் இருந்தது. தீபாவளிக்குக் குத்துவிளக்கு விளக்குவதுபோல் அரை மணி நேரம் தேய்த்தேன். ஒரு பக்கம் வெள்ளி மாதிரி மின்னியது. திருப்பிப் போட்டபோது வாசலில் காக்கா, கையில் பிரியாணிப் பொட்டலத்தோடு.

"கொலையெல்லாம் வேணாம் காக்கா! நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்!" என்று அலறினேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வாளைத்தான் பார்த்தார். பொட்டலத்தை மெல்லக் கீழே வைத்தார்.

"என்னத்தைப் போட்டுத் தேச்சே?"

"புளி."

"அல்லாஹ்வே." கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "ஜப்பான் வாளுக்குப் பிறப்புச் சர்டிபிகேட்டே அந்தத் துருதான்டா. வெட்டுற பக்கத்தை ஆயிரம் தடவை தீட்டலாம். பிடிக்குள்ள ஈக்கிற துருவை மட்டும் ஒருத்தரும் தொடக் கூடாது. கறுப்பா வழவழன்னு ஈந்தாப் பழசு. செக்கச்செவேல்னு ஈந்தா நேத்து செஞ்சது. எச்சில் பட்டாக்கூட இரும்பு கெட்டுப்போவும்னுதான் உன்னை வாயை மூடச் சொன்னேன். கிராம்பு எண்ணெய் பூசுறதும் அதுக்குத்தான்."

விஷயம் இதுதான். காக்காவுக்கு அறுபது ஆகிவிட்டது, அடுத்த மாதம் விசா முடிகிறது. ஒரு வீட்டுச் சாமானோடு வந்த இந்த வாளைக் கொடுத்து அர்பாப் பந்தயம் வைத்திருந்தார்: இதன் வயதைச் சரியாகச் சொன்னால் விசா புதுப்பிப்பேன், தப்பாகச் சொன்னால் கலாஸ், ஊருக்குப் போ. சரிபார்க்க ஞாயிற்றுக்கிழமை ஒரு நிபுணர் வருகிறார்.

"வாளுக்கு வயசு சொல்லிட்டா, எனக்கு வயசாகலைன்னு அர்பாப் ஒத்துக்குவார்" என்றார் காக்கா. "மூணு மகளுக்கு முடிச்சாச்சு. ஊருல போய் உக்காந்து யாருக்கு லென்ஸ் வச்சுப் பாக்க?"

என் கையிலிருந்து புளி சொட்டியது.

வாளைத் திருப்பினார். மறுபக்கம் நான் தொடாமல் பிழைத்திருந்தது. ஜன்னலோரம் கொண்டுபோய் லென்ஸை வைத்தார். மூச்சுவிடாமல் பார்த்தார். துருவின் நிறம், அரத்தால் ராவியதில் தேய்ந்து மிஞ்சிய கோடுகள், நீளத்தைக் குறைத்தபோது புதிதாகப் போட்ட இன்னொரு துளை. பிரியாணி ஆறிப்போனது.

"முந்நூறு வருஷம்" என்றார் கடைசியில்.

ஞாயிற்றுக்கிழமை நிபுணர் வெள்ளைக் கையுறையோடு வந்தார். காக்கா சொன்னதைக் கேட்டார், கறுப்புப் பக்கத்தைப் பார்த்தார், தலையாட்டினார். சரிதான், ஏறக்குறைய முந்நூறு. அர்பாப் சிரித்தார். பிறகு நிபுணர் மறுபக்கத்தைத் திருப்பினார். பெற்ற பிள்ளையை யாரோ அடித்ததுபோல் முகம் ஆகிவிட்டது. இந்தப் பாவத்தைச் செய்தவன் யார் என்று அர்பாப் கத்தினார். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அந்தக் காலைக் காக்கா ஷூவோடு மிதித்தார்.

"அனா, அர்பாப்" என்றார். நான்தான்.

பந்தயம் பந்தயம்தான் என்று அர்பாப் மூன்று வருடத்துக்கு விசா அடித்துக் கொடுத்தார். பழம்பொருளை மட்டும் இனிக் கையால் தொடக் கூடாது என்றார். அந்த மூன்று வருடமும் காக்கா பழைய பிரிட்ஜ்களுக்கு விலைச்சீட்டு ஒட்டினார். தேய்த்தது யார் என்று கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.