கறுப்பு வண்டியில் வட்டங்கள்

"இன்னும் வட்டம் தெரியுதுப்பா" என்றார் அரசப்பன்.

துடைக்கிற துணியோடு நின்றிருந்தான் சகாதேவன். மூன்று நாளாக இதே பேச்சு. மரக்காணத்தில் முப்பது ஏக்கர் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த முதலாளி, தினமும் காலையில் வாசலுக்கு வந்து தன் கறுப்பு அம்பாசடரின் முன்னால் நிற்பார். தலையை ஒரு பக்கம் சாய்ப்பார், அப்புறம் மறுபக்கம் சாய்ப்பார். திட்ட மாட்டார். திட்டியிருந்தாலாவது தேவலை.

"எங்க முதலாளி?"

"பானெட்டு மேல வெயில் விழுதுல்ல, அதைச் சுத்தி. புகை படிஞ்ச மாதிரியும் இருக்குது. வாங்கினப்போ கண்ணாடி கணக்கா இருந்துச்சு."

அவர் உள்ளே போனதும் சகாதேவன் குனிந்து பார்த்தான். இருந்தது. பானெட்டில் தெரிந்த சூரியனைச் சுற்றி, ஒட்டடை மாதிரி, மெல்லிய கீறல்கள் வளையம் வளையமாக ஓடின. விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. யார் போட்டது என்று விசாரிக்கத் தேவையில்லை. உப்பளத்துத் தூசியில் பாதி உப்பு, பாதி மணல். அதைத் தண்ணீர் கூட ஊற்றாமல் காய்ந்த துணியால் தினமும் வட்டம் போட்டுத் துடைத்தவன் அவன்தான்.

அனுமந்தையில் அவனுக்கு ஒரு ஃபைபர் படகில் பங்கு இருந்தது. போன டிசம்பரில் வந்த அலை படகையும் வலையையும் எடுத்துக்கொண்டு, எஞ்சினை மட்டும் சவுக்குத் தோப்புக்குள் வீசிவிட்டுப் போனது. அதன் பிறகு மனைவி பூவிழி அவனைக் கடல் பக்கம் விடவில்லை. இரண்டு பிள்ளைகளின் தலையிலும் அவன் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். இளவயதில் மீன் லாரி ஓட்டிய லைசென்ஸ் இருந்ததால் இந்த டிரைவர் வேலை கிடைத்தது. வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. இதுவும் போனால் அவனுக்குத் தெரிந்த வேறு வேலை கடலில்தான் இருந்தது.

மறுநாள் பாண்டிக்குப் போய் ஒரு டப்பா மெழுகு வாங்கி வந்தான். கடைக்காரர் சொன்னபடி பூசி, காயவிட்டு, மெத்தென்ற துணியால் துடைத்தான். வட்டங்கள் மாயமாகிவிட்டன. பானெட்டில் தென்னை மரம் ஓலை ஓலையாகத் தெரிந்தது. நாலு மாதத்தில் முதல் தடவையாகச் சகாதேவன் லேசாகச் சிரித்தான்.

அரசப்பன் வந்தார். தலையைச் சாய்த்தார்.

"இருக்குதேப்பா."

"எனக்குத் தெரியலீங்களே முதலாளி."

"எனக்குத் தெரியுது."

அன்று சாயங்காலம் பூவிழியிடம் சொன்னான். "மனுசனுக்குப் பருந்துக் கண்ணு. மெழுகுக்கு அடியில இருக்கறதெல்லாம் தெரியுது."

"உனக்கே தெரியலன்னா விட்டுட வேண்டியதுதான?"

"எனக்கா வண்டி?"

மெழுகைச் சரியாகப் பூசவில்லையோ என்ற சந்தேகத்தில், விடிந்ததும் சோப்புத் தண்ணீர் விட்டு அழுத்திக் கழுவினான். மெழுகு போய்விட்டது. பழைய வட்டங்கள் அப்படியே திரும்பி வந்தன. வாளியின் அடியில் கிடந்த மணல் துணியில் ஏறியிருந்ததால் புதிதாகச் சில வட்டங்களும் சேர்ந்துகொண்டன.

கூனிமேட்டில் கபூர் பாய் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் கொட்டகை வைத்திருந்தார். அவர் பானெட்டை நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மெழுகு கீறலை ரொப்பி மறைக்கும், அவ்ளோதான். சோப்பு பட்டா போயிடும். நிஜமா போவணும்னா பாலிஷ் போடணும். அது பெயிண்டையே சீவி சமமாக்கும். ஆனா சீவற அளவுக்கு பெயிண்ட் குறையும். தெரியுதா?"

"போடுங்க பாய்."

பாய் மெஷினில் பஞ்சுத் தட்டை மாட்டி ஒன்றரை மணி நேரம் பொறுமையாகப் போட்டார். முடித்ததும் "மாஷா அல்லா" என்று தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டார். வெயிலில் நிறுத்தி நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு கீறல் இல்லை.

அரசப்பன் வெகுநேரம் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"முன்னவிட ஜாஸ்தியாயிட்ட மாதிரி இருக்குது. சரி, நாளைக்கு எனக்கு வண்டி வேணாம். மாப்பிள்ளை வண்டியில பாண்டிக்குப் போறேன். நீ அதுக்குள்ள நல்லா பாத்து சரி பண்ணி வை."

அந்த 'நல்லா பாத்து' என்பதில் வேலை போகிற வாசனை அடித்தது சகாதேவனுக்கு.

மறுநாள் கபூர் பாய் வண்டியைத் தொட மறுத்துவிட்டார். "இதுக்கு மேல சீவ ஒண்ணும் இல்லப்பா. ஓரத்துல எல்லாம் தோல் மாதிரி நிக்குது. நான் தொழுவப் போறேன். வர்ற வரைக்கும் சும்மா உக்காரு."

சகாதேவன் கொஞ்ச நேரம் சும்மாதான் உட்கார்ந்திருந்தான். பிறகு மெஷினைப் பார்த்தான். பக்கத்தில் இருந்த டப்பாக்களில் எது நன்றாகச் சீவும் என்று தொட்டுப் பார்த்து, நறநறவென்றிருந்ததை எடுத்தான். மெஷினை வைத்து அழுத்தினான். முதலாளி எப்போதும் பார்க்கிற அதே இடத்தில், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அழுத்தினான்.

சூடேறிய வாசனை வந்தது. மெஷினைத் தூக்கினான். உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு போய், அடியில் இருந்த செங்கல் நிறப் பிரைமர் எட்டிப் பார்த்தது.

பதற்றத்தில் மிச்சமிருந்த மெழுகை அதன்மேல் அப்பித் துடைத்தான். சிவப்பு பளபளவென்று மின்னியது.

தொழுகை முடிந்து திரும்பிய பாய் அதைப் பார்த்தார். திட்டவில்லை. சாவு வீட்டில் சொல்வதை மெதுவாகச் சொன்னார்: "இன்னா லில்லாஹி."

சகாதேவன் உப்பளம் வழியாக வண்டியை மெதுவாக ஓட்டி வந்தான். இரண்டு பக்கமும் உப்புக் குவியல்களைக் கீற்றுப் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். பொய் சொல்லலாமா என்று பாதி வழி யோசித்தான். தேங்காய் விழுந்தது, ஆடு ஏறியது. பருந்துக் கண்ணுக்கு முன்னால் எதுவும் நிற்காது என்று தோன்றியது. சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவதுதான் மரியாதை. பூவிழியிடம் என்ன சொல்வது என்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

வீட்டில் சமையல் செய்யும் முத்தம்மாள் மட்டும் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"முதலாளி இல்லீங்களா அக்கா?"

"இன்னிக்கி வர மாட்டாரு."

சாவியை அவள் பக்கத்தில் வைத்தான். "இதை அவர்கிட்ட குடுத்துடுங்க. நான் இனிமே வேலைக்கு வரல."

முத்தம்மாள் கீரையை விட்டு நிமிர்ந்தாள்.

"நீ வரலன்னா காலையில அவரை ஆஸ்பத்திரியிலேர்ந்து யாரு அழைச்சிக்கிட்டு வர்றது? ஆறு மாசமா ரெண்டு கண்ணுலயும் புரையை வச்சிக்கிட்டு யாருக்கும் சொல்லாம இருந்த மனுசன், இன்னிக்கித்தான் ஒரு கண்ணுல ஆபரேஷன் பண்ணிக்கிட்டாரு. நாளைக்குக் கட்டை அவுத்ததும் முதல்ல நம்ம வண்டியைத்தான் பாக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."