இன்னொரு கொம்பு தைரியம்

உலகத்தில் தைரியசாலிகள் குறைவு. தைரியம் சொல்கிறவர்கள் மட்டும் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பிள்ளை ஒன்று மேடை ஏறிப் பாடப் போகிறது, இல்லை எதையாவது வாசிக்கப் போகிறது என்று காதில் விழுந்தால் போதும். சாப்பிட்ட கையைக் கழுவாமல்கூட ஓடி வந்து, அதன் தோளில் இரண்டு கையையும் வைத்து, கண்ணுக்குள் கண்ணை விட்டு, "பயப்படாதே" என்பார்கள். அதுவரை அந்தப் பிள்ளை பயந்ததா? எங்கே பயந்தது? கோழி முட்டையிடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த இனத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. இவர்களில் ஒருவர்கூட மேடை ஏறியிருக்க மாட்டார். ஏறி இறங்கியவனுக்கு என்ன சொல்வதென்று தெரியாது. முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவான். மேடையைக் கீழே இருந்தே பார்த்தவருக்குத்தான் சொல்ல அவ்வளவு இருக்கும். சொல்வார். சொல்லிக்கொண்டே இருப்பார்.

எங்கள் ஊர் பஞ்சர் கடை எவரிஸ்தோவை எடுத்துக்கொள்ளுங்கள். பராகுவேயில் இப்படிப்பட்டவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். எங்களுக்கு வாய்த்தவர் கொஞ்சம் பெரிய அளவு. டயருக்குக் காற்று அடித்து அடித்து, மனிதருக்கும் அப்படியே அடித்துவிடலாம் என்ற நம்பிக்கை அவருக்கு வந்துவிட்டது. பிப்ரவரி மாதம் புனித பிளாஸ் திருவிழா. கோயில் பக்கத்தில் லாரி ட்ரெய்லரை நிறுத்தி, அதன்மேல் பலகை போட்டு மேடை. அதில் அவருடைய தங்கை மகள் அரசேலி யாழ் வாசிக்க வேண்டும்.

வாசிக்க வேண்டும் என்றால் சும்மா இல்லை. யாழ் அவளுடையது அல்ல. கோயில் இசைப்பள்ளியின் யாழ். திருவிழாவில் வாசிக்கிற பிள்ளை வீட்டில் அது இருக்கும். வாசிக்காத பிள்ளை மறுநாளே அதைத் தூக்கிக்கொண்டு போய், வரிசையில் காத்திருக்கும் அடுத்த பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டும். அரசேலி போன வருஷம் மேடை வரைக்கும் போய், கூட்டத்தைப் பார்த்து, குதித்து ஓடி, அதே ட்ரெய்லருக்கு அடியில் ஒளிந்துகொண்டாள். செலசா டீச்சர் இரக்கப்பட்டு இன்னும் ஒரு வருஷம் விட்டு வைத்தாள். இந்த வருஷமும் இரக்கப்பட டீச்சரிடம் இரக்கம் இருந்தது, காத்திருக்கும் பிள்ளைக்குக் கொடுக்க வேறு யாழ்தான் இல்லை. அரசேலி யாழைக் கட்டில் பக்கத்திலேயே நிறுத்தி வைத்துத் தூங்குகிறவள். தூக்கத்தில் கை நீட்டித் தொட்டுப் பார்ப்பாள்.

அந்த ஒரு வருஷமும் ஒழுங்காகத்தான் போனது. வாசித்தாள், நகம் வளர்த்தாள், எங்கள் யாழுக்கு நகம்தான் எல்லாம். திருவிழா அன்று காலையில் எவரிஸ்தோ வந்து சேர்ந்தார்.

வரும் வழியில் மூலையில் பச்சிலை விற்கிறவளிடம் நின்றிருக்கிறார்.

"பயம் தெளிய ஏதாச்சும் இடிச்சுக் குடு."

"யாருக்குங்க பயம்?"

"தங்கச்சி மகளுக்கு. எனக்கு வழக்கமா குடுப்பியே, குதிரைவால் பூண்டு, அதையும் ஒரு கைப்பிடி போடு."

"அது நீர் பிரியறதுக்குங்க."

"பிரியட்டுமே. பயமும் சேந்து வெளிய போயிரும்."

இந்த வைத்தியத்துக்கு மேல் அவள் என்ன பேசுவாள்? இடித்துக் கொடுத்தாள். ஐஸ் போட்ட தண்ணீர் ஜாடியில் பச்சிலை, மாட்டுக் கொம்பில் மாத்தே இலை, கொம்புக்குள் உறிஞ்சுகுழல். எங்கள் ஊர்க் குளிர்பானம் தெரெரே தயார்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் தெரெரேயை உறிஞ்சி முடித்துக் கொம்பைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி நிரப்பித் தருவார்கள். போதும் என்கிறவர் வாயைத் திறந்து "நன்றி" என்று சொல்ல வேண்டும். சொல்லாத வரைக்கும் ஊற்றுவது ஊற்றுகிறவரின் கடமை, வாங்கிக் குடிப்பது குடிக்கிறவரின் மரியாதை. தலையாட்டினால் செல்லாது. கையசைத்தாலும் செல்லாது.

"பயப்படாதே" என்று சொல்லி எவரிஸ்தோ முதல் கொம்பை நீட்டினார்.

"நான் பயப்படலையே மாமா."

"அப்படித்தான் சொல்லணும். கூட்டத்தப் பாத்தா எல்லாரையும் மரவள்ளிக் கிழங்குன்னு நெனச்சுக்கோ."

"கிழங்குக்குக் கண்ணு இருக்குமா?"

"நெனச்சுக்கோங்கிறேன். எங்க, நகத்தக் காட்டு. ம், நல்லாருக்கு. போன தடவ அந்த மேட்டுத்தெருப் பையனுக்கு வாசிக்கும்போதே நகம் பிஞ்சு ரத்தம் கொட்டுச்சு. நீ அதையெல்லாம் நெனைக்காதே."

அரசேலி அதுவரைக்கும் நினைக்கவில்லை. இப்போது நினைத்தாள். கொம்பு காலியானது. நிரம்பியது.

"கம்பி அறுந்தா நேரா கண்ணுலதான் அடிக்குமாம். ஆனா அது எப்பவாச்சும்தான்."

"அண்ணே!" என்றாள் அடுப்படியிலிருந்து அவள் அம்மா நீல்தா. கையெல்லாம் சிப்பா ரொட்டி மாவு.

"தைரியம் சொல்றேன்மா. நீ வேலையப் பாரு." அவர் குரலைத் தாழ்த்தினார். "போன வருஷம் நீ ட்ரெய்லருக்கு அடியில பூந்தத இந்த ஊர்ல ஒருத்தரும் மறக்கல கண்ணு. நீ மட்டும் மறந்துரு."

அத்தோடு அரசேலிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. நன்றி சொல்ல வாய் வராத பிள்ளைக்கு என்ன கதி? கொம்பு வந்தது. குடித்தாள். வீட்டில் குடித்தாள், கோயிலுக்குப் போகிற வழியில் குடித்தாள், மேடைக்குப் பின்னால் துணி மறைப்பில் நின்று குடித்தாள். ஒவ்வொரு கொம்புக்கும் அவர் சொன்ன ஒரு விபத்துக் கதை துணைக்கு வந்தது: யாழ் சாய்ந்து விழுந்தது, மின்சாரம் போனது, வண்டு வாய்க்குள் போனது. எவரிஸ்தோவுக்குப் பெருமை தாங்கவில்லை. பிள்ளை மறுக்காமல் குடிக்கிறதே! தைரியம் இறங்குகிறது என்று நினைத்தார். இறங்கியது குதிரைவால்.

துணி இடுக்கில் அரசேலி எட்டிப் பார்த்தாள். கிழங்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றுக்கும் கண் இருந்தது. ஒரு கிழங்கு அவளைப் பார்த்துக் கையசைத்தது. அதே நிமிஷம் அடிவயிற்றில் வேறொன்று அசைந்தது. கழிப்பறை பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்தது, வழியெல்லாம் கூட்டம்.

அடுத்த பெயர் அவளுடையதுதான். அதைச் சொல்ல வேண்டிய அறிவிப்பாளர், காலையிலிருந்து பிங்கோ எண்களைக் கூவியதில் தொண்டை கட்டி, ஊமை ஜாடை காட்டிக்கொண்டிருந்தார். செலசா டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஓயாமல் பேசிக்கொண்டிருந்த வாய் ஒன்றே ஒன்றுதான்.

"எவரிஸ்தோ, விடிஞ்சதுலேர்ந்து பேசிக்கிட்டே இருக்கீங்களே, இதையும் பேசிருங்க. பிள்ள பேரு, என்ன வாசிக்கப் போறா, அவ்வளவுதான்."

"இதென்ன பெரிய விஷயம்!" என்று மைக்கை வாங்கினார். யாழ் ஏறியது, பிள்ளை ஏறினாள், அவர் ஏறினார். கூட்டம் அமைதியானது.

எவரிஸ்தோவும் அமைதியானார்.

மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது, வால்வு கழன்ற டயர் மாதிரி. காது சிவந்தது.

"என்னய்யா எவரிஸ்தோ, காத்து எறங்கிருச்சா?" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"பஞ்சர்! பஞ்சர்! ஒட்டுப் போடுங்கப்பா!"

ஊரே சிரித்தது. எவரிஸ்தோ மெல்லத் திரும்பி, தங்கை மகளின் பக்கம் குனிந்து, மைக்கை விலக்க மறந்து, ரகசியமாகக் கேட்டார்:

"அம்மாடி… உம் பேரு என்ன?"

அரசேலி அவரைப் பார்த்தாள். காலையிலிருந்து தனக்குத் தைரியம் கொடுத்த மனிதர். அவரிடமே ஒரு சொட்டும் மிச்சமில்லை. பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். ட்ரெய்லருக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா? ஆனால் அங்கே உட்கார வேண்டுமே! உட்கார்ந்தால் முடிந்தது கதை. பயம் என்பது ஒண்டிக்கொள்ள இடம் கேட்கிற சங்கதி. அவளுக்குள் அப்போது ஒரு துளிக்குக்கூட இடம் இல்லை. நாக்கு தானாகப் பிரிந்தது. மைக்கைப் பிடுங்கினாள்.

"நான் அரசேலி. 'தூறல்' வாசிக்கப் போறேன். சீக்கிரம் முடிச்சிருவேன்."

'தூறல்' என்பது செலசா டீச்சர் கட்டிய மெட்டு. ஓட்டின்மேல் ஒரு சொட்டு, பிறகு ஒரு சொட்டு, கேட்கிறவர் கண் சொக்க வேண்டும் என்பது டீச்சரின் எண்ணம். அரசேலி காலோடு காலை ஒட்டி வைத்துக்கொண்டு தொடங்கினாள். முதல் சொட்டு விழுந்ததுதான் தெரியும். அடுத்ததெல்லாம் ஒன்றாகக் கொட்டியது. கை இரண்டும் கம்பிகளில் ஓட, ஆலங்கட்டி விழ, ஓடை கரை புரள, முன்வரிசைக் கிழவர் ஒருவர் நிஜமாகவே வானத்தை அண்ணாந்து பார்க்க, கூட்டம் எழுந்து நின்று தாளம் போட ஆரம்பித்துவிட்டது. ஒரு நகம் பிய்யவில்லை. ஒரு கம்பி அறுபடவில்லை. கடைசிச் சுரம் காற்றில் இருக்கும்போதே பிள்ளை மேடையில் இல்லை.

"இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று ஊர் கத்தியது. பள்ளிக்கூடத்துப் பக்கம் ஓடுகிற பிள்ளைக்கு வழி விட்டு, அந்த ஓட்டத்துக்கும் சேர்த்துக் கை தட்டியது.

நீல்தா சிப்பாக் கூடைமேல் உட்கார்ந்து ஏப்ரனால் மூக்கைத் துடைத்தாள்.

"தூறல்னு சொல்லிட்டு வெள்ளத்த விட்டுட்டா" என்றாள் செலசா டீச்சர். "ஆனா ஒரு சுரம் தப்பல. யாழு உங்க வீட்டுலயே இருக்கட்டும், நீல்தா."

எவரிஸ்தோ எங்கே போனார் என்கிறீர்களா? இந்த இனம் எங்கும் போகாது. கொஞ்ச நேரத்தில் சிப்பாக் கடை நிழலில் காற்று அடித்துக்கொண்டு, அதாவது பேசிக்கொண்டு, நின்றார்.

"நான் வேணும்னேதான் பேசாம நின்னேன். பெரியவன் வாயடைச்சு நின்னாத்தான் சின்னது வாயத் தொறக்கும். அது ஒரு வித்தை."

"பேரு கேட்டியே, அதுவுமா?" என்றார் கூட நின்ற ஒருவர்.

"அதுதான் வித்தையோட உச்சம்."

இரண்டு பேர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். இருவர் வீட்டிலும் அடுத்த வருஷம் வாசிக்கப் போகிற பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளைகளைக் கடவுள் காப்பாற்றட்டும்.

அப்போது அரசேலி முகம் தெளிந்து, நடை லேசாகித் திரும்பி வந்தாள். எவரிஸ்தோ கொம்பை நிரப்பி நீட்டினார். அவள் அதைத் தொடவில்லை. காலையிலிருந்து வராத சொல்லை, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்.

"நன்றி, மாமா."

வழக்கம் வழக்கம்தான். எவரிஸ்தோ கையை இழுத்துக்கொண்டார்.

இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் யாரோ ஒருவர் முகம் ஞாபகம் வந்திருக்கும். ஒரு பெரியப்பா, ஓர் அத்தை, எதிர்வீட்டுக்காரர். சிரித்திருப்பீர்கள். அவரும் இதைப் படித்தால் சிரிக்கத்தான் செய்வார். அவருக்கு யார் முகம் ஞாபகம் வரும் என்று யோசித்தீர்களா? போகட்டும். அடுத்த தடவை உங்கள் வீட்டுப் பிள்ளை மேடை ஏறும்போது, "பயப்படாதே" என்று வாயெடுக்கும் முன் சற்றுக் குனிந்து உங்கள் கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொம்பு இருந்தாலும் இருக்கும்.