கம்ப்யூட்டரானந்தாவும் இரண்டு ஈர்க்குச்சியும்

உலகம் பொய் என்ற செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து சேர்ந்தது. மத்தியானத்துக்குள் டிராபிக் ஜாம்.

கொண்டு வந்தவர் ஸ்ரீலஸ்ரீ கம்ப்யூட்டரானந்தா சுவாமிகள். ஏர்கோன் ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில் இறங்கியிருந்தார். இமயமலையில் தவம் இருந்து, அங்கிருந்து நேரே அமெரிக்கா போய்க் கம்ப்யூட்டர் படித்து, படித்ததைத் தமிழனுக்குக் கொடுப்பதற்காகவே பிளேன் ஏறினவர் என்று பேச்சு. மாடிப்படியில் தொடங்கிய வரிசை வாழையிலைச் சாப்பாட்டுக் கடையைச் சுற்றி, பூக்கடையைத் தாண்டி, பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போனது. பஸ்ஸுக்கு நின்றவர்களும் அதோடு சேர்ந்து மாடிக்குப் போய், ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு, வேலைக்கு லேட்டாகப் போனார்கள்.

சுவாமிகளின் உபதேசம் சின்னது. நாம் பார்க்கிற உலகம் உலகமே இல்லை. எங்கேயோ மேலே, ஏர்கோன் போட்ட ஓர் ஆபீசில், ஒரு பெரிய கம்ப்யூட்டர் ஓடுகிறது. அது ஓட்டுகிற படம்தான் கோலாலம்பூர், கிள்ளான், ஈப்போ எல்லாம். நீ, நான், மாடு, முருங்கை மரம் எல்லாம் வெறும் புள்ளி. உன் கண் போகிற பக்கம் மட்டும்தான் படம் இருக்கும். உன் முதுகுக்குப் பின்னால் ஒன்றுமே கிடையாது. நீ திரும்பும்போது அவசர அவசரமாக வரைந்து வைப்பார்கள்.

அன்றையிலிருந்து நம்ம ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள், திடீரென்று திரும்புவார்கள். வரைந்து முடிக்காத உலகத்தைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான். கழுத்து பிடித்துக்கொண்டவர்கள் அதற்கு வைத்தியம் கேட்டு மறுபடியும் அதே வரிசையில் நின்றார்கள். பாஸ் மினி என்கிற குட்டி பஸ் டிரைவர்கள் மட்டும் ஆச்சரியப்படவில்லை. பின்னால் ஒன்றும் கிடையாது என்ற ஞானத்தோடுதான் அவர்கள் ரொம்ப காலமாக பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

சரி, உலகம் பொய்யாக இருந்தால் சாமியாருக்கு என்ன வேலை? இருக்கிறது. நம் ஒவ்வொருத்தர் தலையெழுத்தும் மேலே உள்ள கம்ப்யூட்டரில் ஒரு பக்கமாம். சுவாமிகளிடம் இருந்த குட்டிக் கம்ப்யூட்டருக்கும் அதற்கும் நேரடித் தொடர்பாம். உன் பக்கத்தைத் திறந்து, நோயோ சனியோ மாமியாரோ, எதை வேண்டுமானாலும் அழித்துக் கொடுப்பார். பணம் தொடமாட்டார். சே, அது பொய் உலகத்துச் சாமான். தங்கம் கொடுத்தால் போதும். கம்ப்யூட்டருக்கு ஞாபகசக்தி தங்கத்தில்தான் நிற்குமாம். உலகமே பொய், உன் காதுத் தோடு மட்டும் நிஜம். இது எப்படி என்று ஒருத்தன்கூடக் கேட்கவில்லை.

நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பக்கிரிசாமியின் கால்தான் போகவிடவில்லை.

பக்கிரிசாமியும் நானும் செலாயாங் பாசாரில் லோரியிலிருந்து காய்கறி இறக்குகிறவர்கள். அவனுக்கு ரொம்ப வருஷமாக இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி. வலது கால் விரலில் புண் வந்து கறுத்துப் போயிருந்தது. "இப்ப வந்தா விரலோட போகும். விட்டா காலையே எடுக்கணும்" என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். பக்கிரிசாமி பயந்து ஓடினான். ஓடிய இடம் ஏர்கோன் கடை மாடி.

"நாகையா, வலியே இல்லடா! சாமி அழிச்சிட்டாரு!" என்றான் என்னிடம்.

"நாத்தம் அடிக்குதே."

"நாத்தம் வேற பக்கத்துல இருக்காம். அதை அடுத்த வாரம் அழிப்பாரு."

"டேய், ஆஸ்பத்திரிக்குப் போடா."

"நீ யார்ரா எனக்குச் சொல்ல? நீயே ஒரு புள்ளி."

இருபது வருஷம் ஒரே லோரியில் மூட்டை தூக்கியவனைப் புள்ளி என்று சொல்லிவிட்டான். முதுகு வலிக்கிற புள்ளி.

அவன் சம்சாரம் சீதாலெட்சுமி தோடு இரண்டையும் கழற்றிக் கொடுத்திருந்தாள். காது ஓட்டை தூர்ந்துவிடக் கூடாதே என்று விளக்குமாற்றில் ஈர்க்குச்சி ஒடித்துச் சொருகியிருந்தாள். "அண்ணே, அவரு படுக்கிற ரூமுக்குள்ள ஈ மொய்க்குது. யாராச்சும் சொல்லுங்கண்ணே" என்று அழுதாள்.

நான் மிஸி குணேஸ்வரியைத் தேடிப் போனேன். ஆஸ்பத்திரி நர்ஸை நாங்கள் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்து அம்மா. பென்சன் வாங்கி ஓய்ந்துவிட்டார். ஆனால் பிரிக்பீல்ட்ஸில் பாதிப் பேருக்கு ஊசி போட்டவர். அவரைக் கண்டால் பெரிய மனிதர்களும் கையால் பின்பக்கத்தை மறைத்துக்கொள்வார்கள்.

விஷயத்தைக் கேட்டார். "உலகம் பொய்யாமோ? என்ர முழங்கால் நோவு மட்டும் மெய்யா? பொறும், குடையை எடுத்துக்கொண்டு வாறன்."

மாடியில் சாம்பிராணிப் புகை. ஜன்னலுக்கெல்லாம் காவித் துணி. நடுவில் ஒரு மேடை, அதன்மேல் ஒரு டிவி, டிவிக்குக் கீழே தரை வரைக்கும் தொங்குகிற பட்டுத்துணி. குட்டிக் கம்ப்யூட்டர் அதற்குள்ளேயாம். பக்கத்தில் சுவாமிகள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், நாம் தொட்டுக் கும்பிட வசதியாக. டிவியில் பச்சைப் பச்சையாக இங்கிலீஷ் எழுத்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது படிக்க வராது. அதனால் அது வேதம்.

படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். சிவசம்பு, பழைய கவர்மென்ட் கிராணி, ஆபீஸ் கிளார்க். முன்வரிசையில் உட்கார்ந்து எங்களுக்கு விளக்கம் சொல்வார்.

"'ஈரம் படாமல் வைத்துக்கொள்' என்று வருகுது. பற்று இல்லாமல் வாழ வேணும் என்று அர்த்தம். 'கண்ணாடியை விரலால தொடாதே' என்று வருகுது. அது புலனடக்கம்."

"கிராணியார்," என்றார் மிஸி, "இது கமரா வாங்கேக்க பெட்டிக்குள்ள வாற புத்தகம். என்ர தம்பி வீட்டில கிடக்குது."

"சிஸ்டர், உள்ளர்த்தம் எண்டு ஒண்டு இருக்கு."

"இருக்கும், இருக்கும்."

சீதாலெட்சுமியோடு உட்கார்ந்திருந்த பக்கிரிசாமியின் முறை வந்தது. "மகனே, உன் குறை என்ன?" என்றார் சுவாமிகள். வலது காலில் புண் என்றான் பக்கிரி. சுவாமிகள் டிவியை உற்றுப் பார்த்து, "ஆகா! இவனுக்கு வலது காலில் புண்!" என்றார். அறை முழுக்க மூச்சை இழுத்தது. நாம் சொன்னதையே ஒருத்தன் நமக்குத் திருப்பிச் சொன்னால் நமக்கு வருகிற ஆச்சரியம் இருக்கிறதே!

"வலது காலின் வலியை அழித்துவிட்டேன். இன்று புண்ணையும் அழிப்பேன்." அவர் கை மடித்துணிக்குள் போனது. ஒவ்வொருத்தர் முறையும் அப்படித்தான் முடியும். கை உள்ளே போகும், டிவி கறுப்பாகும், அடுத்த ஆள்.

"கொஞ்சம் பொறும், சாமி," என்று மிஸி எழுந்தார். கை மடிக்குள்ளேயே நின்றுவிட்டது. "வலது காலை மட்டும்தானே அழிச்சனீர்?"

"வலது மட்டும்."

"இடது காலைத் தொடேல்லையே?"

"எழுத்துப்படிதான் அம்மா நடக்கும். இடதைத் தொடவில்லை."

"நல்லது. பக்கிரிசாமி, இப்பிடி இரும். சீதாலெட்சுமி, உந்தக் காதில கிடக்கிற ஈர்க்கைத் தாரும் பிள்ளை."

சீதாலெட்சுமி ஒரு காதிலிருந்து குச்சியை உருவிக் கொடுத்தாள். பக்கிரியைக் கண்ணை மூடச் சொல்லி, மிஸி அவன் உள்ளங்கையில் குச்சியால் தொட்டார்.

"தொடுது" என்றான்.

கழுத்தில். "தொடுது. கூசுது மிஸி."

வலது காலில், புண்ணுக்குத் தள்ளி. பேச்சில்லை. கூட்டம் "அரோகரா!" என்றது. சுவாமிகள் தலையை ஆட்டினார்.

பிறகு இடது கால். விரல் விரலாகத் தொட்டார், பாதத்தில் அழுத்தினார். பக்கிரி கண்ணை மூடியபடி, "இன்னும் தொடலியா மிஸி?" என்றான்.

மிஸி அவன் இடது காலைத் தூக்கி உள்ளங்காலை எங்கள் பக்கம் திருப்பினார். குதிங்காலில் ஓர் ஆணி. தக்காளிப் பெட்டியில் அடிக்கிற சின்ன ஆணி. தலை மட்டும் வெளியே தெரிய, மீதி உள்ளே. சுற்றிலும் சீழ்.

"கண்ணைத் திறந்து பாரும்."

பக்கிரி பார்த்தான். "இது எப்ப ஏறிச்சு?" என்றான். எங்களைக் கேட்டான். அந்தக் காலோடுதான் படியேறி வந்திருந்தான்.

"வலி இல்லாதது வரம் இல்லை ராசா. இனிப்புநீர் உம்மட நரம்பைத் தின்னுது. நோவு உடம்பில அடிக்கிற மணி. மணி உடைஞ்சு போச்சு, வீடு எரியுது, நீர் நித்திரை."

இங்கே சுவாமிகள் எழுந்து நின்றார். ஆளுக்குத் திறமை இருக்கிறது, சும்மா சொல்லக் கூடாது. "பார்த்தீர்களா பக்தர்களே! ஆணியே ஏறியும் வலிக்கவில்லை! கேட்டது ஒரு கால், நான் கொடுத்தது இரண்டு கால்!"

"அரோகரா!" முன்னைவிடச் சத்தமாக. இன்னும் கொஞ்சம் விட்டால் பக்கிரியைத் தோளில் தூக்கியிருப்பார்கள், ஆணியோடு.

"உலகமே படம் என்றால், சீழும் படம்தானே அம்மா?" என்று சிரித்தார் சுவாமிகள்.

மிஸி யோசித்துத்தான் பதில் சொன்னார். "இருக்கலாம் சாமி. உலகம் ஒரு கம்ப்யூட்டருக்குள்ள ஓடுதோ, என்னவோ, எனக்குத் தெரியாது. உமக்கும் தெரியாது. ஓடினாலும், இந்தப் படத்துக்குள்ள சீழ் காலை அழுக வைக்கும், மருந்து ஆத்தும். அதை நான் முப்பது வருசம் கண்ணால பார்த்தனான். நீரும் படத்துக்குள்ள இருக்கிற ஆள்தானே? உள்ள இருக்கிற புள்ளி எப்பிடி வெளியில போய் அழிச்சுது?"

"நான் சாதாரணப் புள்ளி அல்ல. என் வலி, கூச்சம், பசி எல்லாவற்றையும் என்றோ அழித்துவிட்டேன்."

"அப்பிடியோ? சீதாலெட்சுமி, மற்றக் காதுக் குச்சியையும் தாரும்."

கூட்டத்துக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? சுவாமிகள் உட்கார்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடினார். பாதத்தின் மேல்பக்கத்தைத் தொட்டுக் கும்பிட்டவர்கள் உண்டு. அடிப்பக்கம் போனவர்கள் இல்லை. மிஸி குச்சி நுனியை உள்ளங்காலில் மெள்ள இழுத்தார்.

"ஹி" என்றார் ஸ்ரீலஸ்ரீ.

மிஸி இன்னொரு கோடு போட்டார்.

"ஹி ஹி ஹீ… வேணாலா… யக்கா, வேணாலா!" இமயமலைத் தமிழ் போய்க் கிள்ளான் தமிழ் வந்துவிட்டது. துள்ளினார், உதைத்தார். உதைத்த உதையில் டிவிக்குக் கீழே இருந்த பட்டுத்துணி கழன்று விழுந்தது. உள்ளே வீடியோ டெக் ஒன்று சிவப்பு விளக்கோடு சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. மடியிலிருந்து ரிமோட் உருண்டு சிவசம்பு கிராணியின் காலடியில் நின்றது.

அதே நேரம் டிவியில் பச்சை எழுத்து தீர்ந்துபோனது. இத்தனை நேரம் அந்தக் கேசட்டை யாரும் ஓடவிட்டதில்லை. தலையெழுத்து முடிந்த இடத்தில் நாதஸ்வரம் கேட்டது. மாலை போட்ட மாப்பிள்ளை, பெண். பிறகு ராத்திரி விருந்து. பந்தியில் ஓர் ஆள் கோழிக்காலைக் கடித்துக்கொண்டே கேமராவைப் பார்த்துக் கையசைக்கிறான். தாடி இல்லை. மற்றபடி அதே மூக்கு, அதே ஸ்ரீலஸ்ரீ.

பூக்கடை வள்ளியம்மா கத்தினாள். "ஐயையோ! இது என் கொழுந்தன் மக கல்யாணம்! கிள்ளான்ல நடந்துச்சு! இவன் வீடியோ எடுக்க வந்தவன்லா! கேமராவைப் பையன்கிட்ட குடுத்துட்டுத் தின்னான், கேசட்டைக் குடுக்காம ஓடிப்போனான்!"

படத்துக்கு அடியில் தமிழ் எழுத்து ஓடியது. எழுத்துக்கூட்டித்தான் எனக்குப் படிக்க வரும். இருந்தாலும் சத்தமாகவே படித்தேன். "தம்…பு…சாமி வீடியோ, கிள்ளான். கல்யாணம், காதுகுத்து, சிறந்த முறையில் எடுக்கப்படும்."

"இது சுவாமிகளின் பூர்வஜென்மப் பதிவு" என்றார் சிவசம்பு. மனுஷன் அப்போதும் விடவில்லை.

தம்புசாமி, வாங்கின தங்கத்தையெல்லாம் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினான். படிக்குக் கீழே பக்தர்கள் கழற்றிப் போட்ட செருப்பு மலைபோலக் கிடந்தது. அதில் தடுக்கி விழுந்தான். டின் திறந்து தோடும் மூக்குத்தியும் செருப்புகளுக்குள் சிதறின. முதுகுக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது என்று சொன்னவன், பின்னால் வருகிற வள்ளியம்மாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினான்.

மேலே பக்கிரிசாமி மட்டும் சிரிக்கவில்லை. காலைப் பிடித்துக்கொண்டு அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாகையா."

"நான் புள்ளி."

"டேய், விளையாடாதடா. டாக்சி கூப்பிடு."

வலது காலில் இரண்டு விரல் போனது. போன மாதமே போயிருந்தால் ஒன்றோடு முடிந்திருக்கும் என்றார் டாக்டர். இடது கால் தப்பித்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சீதாலெட்சுமி காதில் தோடு போட்டுக்கொண்டு ஆரஞ்சு உரிக்க, அவன் அதைத் தின்னக் கூடாது என்று மிஸி திட்டிக்கொண்டிருந்தார்.

சிவசம்பு கிராணியும் நலம் விசாரிக்க வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "தம்பி, அவன் ஏமாத்துக்காரன், ஒத்துக்கொள்ளுறன். ஆனா இப்ப அம்பாங்கில ஒருத்தர் வந்திருக்கிறார். உண்மையான ஆள். எங்கட குறையை எழுதிக் குடுத்தா, கைலாசத்துக்கு ஃபேக்ஸ் அனுப்புறார். பதிலும் வருகுதாம்" என்றார்.

பக்கிரி அவரையே பார்த்தான். "போறதுக்கு முந்தி அந்தச் சாமி கால்ல ஒரு ஈர்க்குச்சி வெச்சிப் பாருங்க அங்கிள்" என்றான். "அதுக்கும் முந்தி உங்க மண்டையில வெச்சிப் பாருங்க. உணர்ச்சி இருக்கான்னு."

உலகம் கம்ப்யூட்டருக்குள் ஓடுகிறதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஓடினாலும் ஓடட்டும். வரைந்தவன் நம் ஒவ்வொருத்தருக்கும் கழுத்துக்கு மேலே ஒன்றை வரைந்து வைத்திருக்கிறான். முடிவெட்டிக்கொள்வதற்கு மட்டும் அதை வைத்திருக்கமாட்டான்.