எட்டடியும் ஒரு பூசணிக்காயும்

விபத்தைப் பற்றி மனிதர்கள் சொல்வதை நம்பாமல் இருப்பதற்காகத்தான் எனக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள். நந்தனத்தில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இரு சக்கர வாகன விபத்து விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது என் வேலை. 'விபத்து நடந்த விதம்' என்ற கட்டத்தில் பெரும்பாலோர் 'மாடு குறுக்கே வந்துவிட்டது' என்று எழுதுவார்கள். என் மேஜைக்கு வரும் காகிதங்களை நம்பினால் சென்னையில் மனிதர்களுக்கு நிற்க இடம் இருக்காது, அத்தனை மாடுகள். இந்தப் பொய்களை எப்படிப் பிடிக்கிறேன் என்பதைச் சாப்பிடும்போதெல்லாம் மனைவி செல்விக்கு விளக்குவேன். சாட்சிகளைத் தனித்தனியாக விசாரிக்க வேண்டும், பெரிய கேள்விகளை விட்டுவிட்டுச் சின்னக் கேள்வியாகக் கேட்க வேண்டும் என்று பன்னிரண்டு வருடம் பாடம் எடுத்தேன். (மாணவி இவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நான் நினைக்கவில்லை.)

இப்படிப்பட்ட நான் நாற்பதாவது வயதில் ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கினேன். நல்ல சிவப்பு. ஏன் வாங்கினாய் என்று கேட்டவர்களிடம் இன்ஜின், பிரேக் என்று ஏதேதோ சொன்னேன். உண்மையான காரணம், அடையாறு சிக்னலில் என் பழைய ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் ஒருவன் இதே மாதிரி பைக்கில் வந்து நின்றான். பச்சை விழுந்ததும் அவனைக் காணோம். நான் இன்னும் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தேன்.

செல்வி தடுக்கவில்லை. அவள் பள்ளிக்கூட ஆசிரியை, தடுப்பதைவிட நிபந்தனை போடுவது சுலபம் என்று அறிந்தவள்.

"வாங்கிக்கோங்க. ஆனா ஒரு தடவை கீழ விழுந்தாலும் வித்துடணும். வண்டி விழுந்தாலும் சரி, நீங்க விழுந்தாலும் சரி."

சரி என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். ஆயிரக்கணக்கான விபத்துகளைக் காகிதத்தில் பார்த்தவனுக்கு விபத்து நடக்குமா என்ன?

வண்டி புதன்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமைதான் பூஜை, அதுவரை ஓட்டக் கூடாது என்பது மாமனாரின் உத்தரவு. இரண்டு நாளும் கொட்டிவாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்தும் இடத்தில், ஓடாத வண்டியின் மேல் குனிந்து உட்கார்ந்து, வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்துகொண்டிருந்தேன். (வாயால் சத்தம் கொடுத்தேன் என்று வாட்ச்மேன் சொல்வது மிகைப்படுத்தல். மெதுவாகத்தான் கொடுத்தேன்.) வியாழன் விடிகாலை பொறுக்க முடியாமல் ஈ.சி.ஆரில் ஒரே ஒரு முறை திருட்டுத்தனமாகப் போய்வந்தேன். காலியான சாலை, ஒரு பக்கம் கடல் காற்று, கைப்பிடியைக் கொஞ்சம் திருகினாலே முன்னால் இழுத்துக்கொண்டு போகும் அந்த வேகம். ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்தேன். அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். இந்த வண்டியை இனி யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று தீர்மானம் செய்துகொண்டுதான் வீட்டுக்குத் திரும்பினேன்.

மாமனாருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், தி.நகரில் ஜவுளிக்கடை. கடை, வீடு, குக்கர் என்று எது புதிதாக வந்தாலும் அவருக்குத் திருஷ்டி கழித்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை செல்விக்குப் பரீட்சை மேற்பார்வை இருந்தது. "சின்னதா முடிச்சுக்கோங்கப்பா" என்று போனில் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்குப் போனாள். அவர் மயிலாப்பூரில் எங்கள் வழக்கமான பிள்ளையார் கோயிலுக்கு ஒரு வெண்பூசணிக்காயோடு வந்து இறங்கினார். அதைத் தூக்க அவருக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது.

குருக்கள் பூசணிக்காயைப் பார்த்தார், பிறகு சந்தின் அகலத்தைப் பார்த்தார். "எலுமிச்சம்பழமே போறுமே. இதை இங்க உடைச்சா வழுக்கும்" என்றார்.

"எலுமிச்சம்பழம் ஸ்கூட்டருக்குச் சரி சாமி. இந்த வண்டிக்கு விழுற கண்ணுக்கு அது காணாது" என்றார் மாமனார். எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது. என் வண்டியின் தகுதி அவருக்காவது புரிந்ததே.

பூஜை நடந்தது. வண்டிக்கு மாலை, பெட்ரோல் டேங்குக்குச் சந்தனம். ஹெல்மெட்டும் புதிது என்று மாமனார் அதன் கண்ணாடியில் விபூதியால் மூன்று பட்டை இழுத்தார். டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூசணிக்காயில் துளை போட்டு, குங்குமத் தண்ணீர் ஊற்றி, மேலே கற்பூரம் ஏற்றி, மூன்று சுற்று சுற்றி, மாமனார் அதை வண்டிக்கு முன்னால் ஓங்கி உடைத்தார். துண்டுகளை ஓரமாகத் தள்ளுங்கள் என்று குருக்கள் சொன்னது என் காதில் விழுந்தது. ஆனால் நான் ஏற்கெனவே ஹெல்மெட்டை மாட்டி வண்டியை ஸ்டார்ட் செய்திருந்தேன். பூக்கடைக்காரம்மா, இரண்டு கல்லூரிப் பெண்கள், ஒரு ஆட்டோக்காரர் என்று சிறு கூட்டம் சேர்ந்திருந்தது. அவர்களுக்காக ஆக்ஸிலேட்டரை இரண்டு தடவை முறுக்கினேன்.

அந்த சீட்டில் உட்கார்ந்தால் எனக்குக் கால் முழுதாக எட்டாது. பரணிலிருந்து டப்பா எடுப்பவனைப் போல நுனிக்காலில் நின்றபடிதான் கிளட்ச்சை விட்டேன். எலுமிச்சம்பழம் இரண்டும் சரியாக நசுங்கின. முன்சக்கரம் பூசணியைத் தாண்டியது. பின்சக்கரம் தாண்டவில்லை. அது பூசணிச் சதையின் மேல் நின்ற இடத்திலேயே சுற்றி, பக்கவாட்டில் வழுக்கி, வண்டி இடப்பக்கமாகப் படுத்தது. கூடவே நானும் படுத்தேன். புறப்பட்ட இடத்திலிருந்து எட்டடி. (பிறகு அளந்து பார்த்தேன், தொழில் பழக்கம்.)

கண்ணைத் திறந்தால், விபூதிப் பட்டைகளுக்கு இடையில் என் பேண்ட் முழுக்கச் சிவப்பு. ஆட்டோக்காரர் ஓடி வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"அசையாத சார். ரத்தம் நிக்காம போய்க்கினு கீது."

அவ்வளவுதான், எனக்கு மயக்கம் வரத் தொடங்கியது. இது கடைசி நேரம் என்று நிச்சயமாக நம்பினேன். அந்த நேரத்தில் மனிதன் கடவுளை நினைப்பான், பிள்ளைகளை நினைப்பான் என்பார்கள். நான் ஆட்டோக்காரரின் சட்டையைப் பிடித்து, "வீட்ல சொல்லிடாதீங்க" என்றேன். நான் செத்தாலும் வண்டி பிழைக்கட்டும் என்ற நினைப்பு.

பூக்கடைக்காரம்மா வந்து குனிந்து பார்த்தார். "யோவ், குங்குமம்யா அது. எழுந்திரு சார்" என்றார். கல்லூரிப் பெண்கள் அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பை அவிழ்த்துவிட்டார்கள். ஆட்டோக்காரர் மட்டும் சிரிக்காமல், எங்கேயோ போய் எனக்கு ஒரு சோடா வாங்கி வந்து கொடுத்தார். எனக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்புதான். வண்டிக்குத்தான் இடப்பக்கம் பிளாஸ்டிக் கீறல், ஒரு கண்ணாடி உடைசல், கிளட்ச் லீவர் வளைசல்.

மாமனார் வண்டியைவிட அதிகமாக ஆடிப்போயிருந்தார். பூசணிக்காய் அவருடைய யோசனை, மகள் சின்னதாக முடிக்கச் சொல்லியிருந்தாள். "மாப்ள, இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்" என்றார். கதையும் அங்கேயே தயாரானது. பூஜை முடிந்து அவர் கடைவாசலில் வண்டியை நிறுத்தியிருந்தோம், ஒரு ஆட்டோ இடித்துச் சாய்த்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. (ஓடி வந்து சோடா வாங்கிக் கொடுத்த மனிதரையே குற்றவாளி ஆக்கினோம். இன்றும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.) யாரோ சாய்த்தது விழுந்ததாகாது என்பது என் சட்ட நுணுக்கம்.

அன்று சாயங்காலம் செல்வி கதையை முழுதாகக் கேட்டாள். கோபப்படவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் பேண்ட்டைப் பார்த்தாள். திருமணமான பன்னிரண்டு வருடத்தில் நான் துவைத்த முதல் பேண்ட் அது. பிறகு சின்னதாக ஒரு கேள்வி கேட்டாள். அந்த ஆட்டோ எந்தப் பக்கம் போச்சு? பனகல் பூங்கா பக்கம் என்றேன். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவை அழைத்தாள். என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

"அப்பா, அந்த ஆட்டோ எந்தப் பக்கம் போச்சு?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம்மா."

"ஆளு எப்படி, முரடனா?"

"சேச்சே, நல்ல மனுசம்மா. மாப்ளைக்குச் சோடால்லாம் வாங்கிக் குடுத்தான்."

"எதுக்குப்பா சோடா?" என்றாள். மாமனார் பத்து விநாடிகூடத் தாங்கவில்லை, பூசணிக்காயிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நான் வளர்த்த விசாரணை முறை என் கண் முன்னால் வெற்றி பெற்றது.

வண்டி போச்சு என்று நினைத்தேன். நாற்பது வயதில் ஒரு பைக்குக்காக அழுதுவிடுவேனோ என்று பயந்தேன். செல்வி வண்டிச் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"விழுந்ததுக்கு வண்டிய வித்துடலாம். பொய் சொன்னதுக்கு உங்களையும் அப்பாவையும் எங்க விக்கிறது?"

விற்பதற்குப் பதிலாகத் தீர்ப்பு இரண்டு பகுதியாக வந்தது. முதலாவது, இன்சூரன்ஸ் படிவத்தில் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். எழுதினேன்: 'விபத்து வராமல் இருக்க உடைத்த பூசணிக்காயில் வழுக்கி விபத்து.' என் உதவியாளர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "மாடுன்னு போட்டுடலாமே சார், யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க" என்றார், நிஜமான அக்கறையோடு. அதற்குப் பிறகு மாடு குறுக்கே வந்த விண்ணப்பங்களை நான் கொஞ்சம் மரியாதையாகப் படிக்கிறேன்.

இரண்டாவது, சொந்தத்தில் யார் புது வண்டி வாங்கினாலும் பூஜைக்கு நானும் மாமனாரும் போய், இந்தக் கதையை ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். ஐந்து வருடம் ஆகிவிட்டது. போன மாதம் செல்வியின் சித்தி மகள் ஸ்கூட்டர் வாங்கினாள். அதே கோயில், அதே குருக்கள். மாமனார் இரண்டே இரண்டு எலுமிச்சம்பழத்தோடு வந்து என் பக்கத்தில் கைகட்டி நின்றார். சோடா வரும் இடத்தை மட்டும் அவரே சொல்வார், அது அவருடைய பங்கு. 'வீட்ல சொல்லிடாதீங்க' என்ற இடத்தை நான் வேகமாகத் தாண்டப் பார்த்தேன். கூட்டத்திலிருந்து செல்வி, "அங்க என்னமோ விட்டுப்போச்சே" என்றாள். திரும்பப் போய்ச் சொன்னேன்.

கதை முடிந்த பிறகுதான், எப்போதும் போல அவள் கைப்பையைத் திறந்து, காலையில் வாங்கி வைத்துக்கொண்ட என் பைக் சாவியை எடுத்துக் கொடுத்தாள்.